ஜீன் கிளார்க்கை எல்பியில் கேட்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜீன் கிளார்க் யார்?

1944 நவம்பர் 17 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டிப்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். முழுப்பெயர் ஹரால்ட் யூஜீன் கிளார்க். 1963இல் நியூ கிறிஸ்டி மின்ஸ்ட்ரெல்ஸ் என்ற பெரிய நாட்டுப்புறப் பாட்டுக் குழுவில் சேர்ந்தார். பீட்டில்ஸைக் கேட்ட பிறகு அங்கே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1964இல் லாஸ் ஏஞ்சலஸில் ட்ரூபடோர் அரங்கில் ரோஜர் மெகுவினைச் சந்தித்தார் (அப்போது அவர் பெயர் ஜிம்). டேவிட் கிராஸ்பி, கிறிஸ் ஹில்மன், மைக்கேல் கிளார்க் ஆகியோரும் சேர, பேர்ட்ஸ் குழு உருவானது.

ஃபோக் ராக் (நாட்டுப்புறப் பாட்டும் ராக்கும் கலந்த நடை) என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் குழு அது. ஆனால் 1964 முதல் 1966 தொடக்கம் வரை அந்தக் குழுவின் சொந்தப் பாட்டுகளில் பெரும்பங்கை எழுதியவர் கிளார்க்தான் என்பது பலருக்குத் தெரியாது. ‘ஐ'ல் ஃபீல் அ ஹோல் லாட் பெட்டர்’, ‘செட் யூ ஃப்ரீ திஸ் டைம்’ இரண்டும் அவர் எழுதியவை. ‘எய்ட் மைல்ஸ் ஹை’ பாட்டில் மெகுவின், கிராஸ்பியோடு அவருக்கும் பங்கு உண்டு. பிறகு தனியாகவும் துணையோடும் சுமார் இருபது ஆண்டுகள் எல்பிகள் (33⅓ சுற்றில் ஓடும் நீள் இசைத்தட்டுகள்) வெளியிட்டார். 1991 ஜனவரியில் பேர்ட்ஸ் குழுவோடு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். அதே ஆண்டு மே 24 அன்று, 46 வயதில் காலமானார்.

இவ்வளவு எழுதியவர் ஏன் கவனிக்கப்படாமல் போனார்?

ஒற்றைக் காரணம் கிடையாது. முதலாவது, விமானப் பயம். 1966 தொடக்கத்தில் நியூயார்க் போக வேண்டிய விமானத்திலிருந்து பதற்றத்தில் இறங்கிவிட்டார். அதையொட்டிக் குழுவிலிருந்தும் விலகினார். 1967 இலையுதிர் காலத்தில் திரும்பச் சேர்ந்தபோதும் மூன்று வாரமே நீடித்தது. ஊர் ஊராகப் போய்ப் பாடாத பாடகரின் தட்டைக் கடைக்காரர் முன்வரிசையில் வைப்பதில்லை.

இரண்டாவது, வெளியீட்டு நேரம். அவருடைய முதல் தனி எல்பியும் பேர்ட்ஸின் ‘யங்கர் தன் யெஸ்டர்டே’ எல்பியும் 1967 பிப்ரவரியில், ஒரே நிறுவனமான கொலம்பியாவிலிருந்து வந்தன. பழைய குழுவின் நிழலிலேயே புதுத் தட்டு மறைந்துபோனது.

மூன்றாவது காரணம்தான் கேட்பவருக்கு முக்கியம். அவர் ஒரே நடையில் இரண்டு தட்டு செய்ததே அரிது. ஒன்று ஆர்கெஸ்ட்ரா கலந்த பாப், அடுத்தது பான்ஜோவோடு புளூகிராஸ், அதற்கடுத்தது ஒரு கிட்டாரும் ஹார்மோனிக்காவும், பிறகு பின்னணிக் குரல்களும் கீபோர்டுகளும் அடுக்கடுக்காக எழும் பெரும் கட்டுமானம். கடைக்கு எந்த அலமாரியில் வைப்பதென்று தெரியவில்லை, வானொலிக்கு எந்த நேரத்தில் ஒலிபரப்புவதென்று தெரியவில்லை. இவற்றை இணைப்பது எழுத்து: நீண்டு வளைந்து போகும் வரி, எதிர்பாராத இடத்தில் மைனருக்கு இறங்கும் கார்டு, அழாமல் அழும் அந்தக் குரல்.

ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் கிடைக்கிறதே, எல்பி எதற்கு?

கேட்பதற்கு ஸ்ட்ரீமிங் போதும். ஆனால் கிளார்க்கின் 1970களின் தட்டுகள் பக்கம் பக்கமாகக் கோக்கப்பட்டவை. ‘நோ அதர்’ எல்பியில் பக்கத்துக்கு நான்கு பாட்டு, ஒவ்வொரு பக்கமும் 21 நிமிடம் சொச்சம். அந்த நான்கும் படிப்படியாக ஏறி, பக்கத்தின் கடைசியில் மிகக் கனமான பாட்டில் முடியும். முதல் பக்கம் ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் ஸ்ட்ரிங்ஸ்’ பாட்டிலும், இரண்டாம் பக்கம் ‘லேடி ஆஃப் த நார்த்’ பாட்டிலும் முடிகின்றன. ஸ்ட்ரீமிங்கில் அந்த முடிவுக்குப் பின் ஒரு நொடியில் அடுத்த பாட்டு தொடங்கிவிடும். தட்டில் ஊசி உள்வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் அமைதியும் அந்தப் பாட்டின் பகுதிதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. பழைய பதிப்பு, மறுகலவை, மறுபதிப்பு என்று ஒரே எல்பி பல வடிவில் இருக்கிறது. எது எதுவென்று தட்டில் பார்த்தால் தெரியும். செயலியில் பெரும்பாலும் தெரியாது.

எந்தத் தட்டில் தொடங்குவது?

‘ஒயிட் லைட்’, 1971, ஏ அண்ட் எம் நிறுவனம். தயக்கமே வேண்டாம். ஜெஸ்ஸி எட் டேவிஸ் தயாரித்தது. ஒன்பது பாட்டுகள், சின்னக் குழு, முன்னால் அகூஸ்டிக் கிட்டாரும் குரலும். ‘த வெர்ஜின்’ முதல் ‘ஒன் இன் அ ஹண்ட்ரட்’ வரை ஐந்து பாட்டுகள் முதல் பக்கத்தில். இரண்டாம் பக்கத்தைத் திறப்பது ‘ஃபார் அ ஸ்பானிஷ் கிட்டார்’. அவருடைய எழுத்தைப் புரிந்துகொள்ள ஒரே பாட்டைச் சொல்லச் சொன்னால், அதைத்தான் சொல்ல வேண்டும்.

பலர் ‘நோ அதர்’ பற்றிய பேச்சைக் கேட்டு நேரே அதற்குப் போகிறார்கள். முதல் கேட்பில் ஒலியின் அடர்த்தியே காதை நிறைத்துவிடும், பாட்டு பின்னால் போய்விடும். ‘ஒயிட் லைட்’ கேட்டுக் குரல் பழகிய பிறகு போனால் அந்த அடர்த்திக்குள்ளும் அதே மனிதர் நிற்பது தெரியும்.

‘ஒயிட் லைட்’ தேடினால் ‘ஜீன் கிளார்க்’ என்ற தட்டு வருகிறதே?

இரண்டும் ஒன்றே. முன் அட்டையில் தலைப்பு இல்லை, அவர் பெயர் மட்டுமே உண்டு. அதனால் விற்பனைப் பட்டியல்களில் இரண்டு பெயரிலும் வரும். எண்ணைப் பாருங்கள்: எஸ்பி 4292. 1971இன் அமெரிக்கப் பதிப்பில் ஏ அண்ட் எம்மின் பழுப்பு நிற லேபிள் இருக்கும். வெள்ளி கலந்த சாம்பல் நிற லேபிள் சில ஆண்டுகள் கழித்து வந்தது. லேபிளுக்கு வெளியே உள்ள வழவழப்பான வளையத்தில் ஒரு சிறு முக்கோணமும் எண்ணும், வட்டத்துக்குள் ‘எம்ஆர்’ எழுத்துகளும் தெரிந்தால், அது லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலையில் அழுத்தப்பட்டது. சாய்வாக விளக்கடித்துப் பார்த்தால்தான் அவை தெளிவாகத் தெரியும்.

இன்டர்வென்ஷன் ரெக்கார்ட்ஸ் பின்னாளில் இதை நன்றாக மறுபதிப்பு செய்திருக்கிறது. மெல்லிய இசை என்பதால் இந்தத் தட்டில் ஒவ்வொரு சொடக்கும் கேட்கும். ஆகவே கீறல் விழுந்த மூலப் பதிப்பைவிடச் சுத்தமான மறுபதிப்பே மேல்.

1967 எல்பியை மோனோவில் வாங்குவதா, ஸ்டீரியோவிலா?

‘ஜீன் கிளார்க் வித் த காஸ்டின் பிரதர்ஸ்’ மோனோவில் சிஎல் 2618, ஸ்டீரியோவில் சிஎஸ் 9418. வெர்ன், ரெக்ஸ் காஸ்டின் சகோதரர்கள் பின்னணி பாடியிருக்கிறார்கள். கிளாரன்ஸ் ஒயிட், க்ளென் கேம்பெல் போன்றவர்கள் வாசித்திருக்கிறார்கள். ‘எக்கோஸ்’ பாட்டின் ஆர்கெஸ்ட்ரா அமைப்பு லியன் ரஸ்ஸலுடையது.

கிட்டார் முன்னிற்கும் பாட்டுகளுக்கு மோனோ இறுக்கமாக இருக்கும். ‘எக்கோஸ்’ பாட்டுக்கு ஸ்டீரியோவின் அகலம் பொருந்தும். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், எது சுத்தமாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். முதல் ஸ்டீரியோப் பதிப்பில் ‘360 சவுண்ட்’ என்று அச்சிட்ட சிவப்பு லேபிள் இருக்கும். லேபிளுக்கு வெளியே உள்ள வளையத்தில் பொறித்த எண் எக்ஸ்எல்பி என்று தொடங்கினால் மோனோ, எக்ஸ்எஸ்எம் என்றால் ஸ்டீரியோ. அட்டையும் தட்டும் மாறிப்போன பிரதிகள் உண்டு, ஆகவே அட்டையை மட்டும் நம்ப வேண்டாம்.

மோனோத் தட்டைக் கேட்கும்போது ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். மோனோத் தடத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமான அசைவு முழுக்கத் தூசியும் தேய்மானமும்தான். இரண்டு சேனலையும் கூட்டினால் அது தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடும். இரைச்சல் உடனே குறைவதைக் கேட்கலாம்.

1972இல் கொலம்பியா இதே பாட்டுகளை ‘எர்லி எல்.ஏ. செஷன்ஸ்’ என்ற பெயரில் மறுகலவை செய்து, வரிசையும் மாற்றி வெளியிட்டது. அது மலிவாகக் கிடைப்பதைப் பார்த்து மூலப் பதிப்பென்று எண்ணி வாங்கிவிட வேண்டாம். ஒலிக்கலவையே வேறு.

டில்லார்ட் அண்ட் கிளார்க் தட்டுகள் அவசியமா?

முதலாவது அவசியம். ‘த ஃபென்டாஸ்டிக் எக்ஸ்பெடிஷன் ஆஃப் டில்லார்ட் அண்ட் கிளார்க்’, 1968, எண் எஸ்பி 4158. பான்ஜோக்காரர் டக் டில்லார்டும் கிளார்க்கும் பக்கவண்டி மாட்டிய மோட்டார் சைக்கிளில் இருக்கும் அட்டை. குழுவில் பெர்னி லெடனும் இருந்தார். அவரும் கிளார்க்கும் சேர்ந்து எழுதிய ‘ட்ரெயின் லீவ்ஸ் ஹியர் திஸ் மார்னிங்’ பாட்டை 1972இல் ஈகிள்ஸ் தங்கள் முதல் எல்பியில் பாடினார்கள். கன்ட்ரி ராக் என்று பிறகு பெயர் வாங்கிய ஒலியின் விதையை இங்கே கேட்கலாம்.

1969இன் ‘த்ரூ த மார்னிங், த்ரூ த நைட்’ ஏற்ற இறக்கமானது. மற்றவர்களின் பாட்டுகள் அதிகம். ஆனால் தலைப்புப் பாட்டும் ‘பாலி’ பாட்டும் அதில்தான் இருக்கின்றன. இரண்டையும் 2007இல் ராபர்ட் பிளான்ட்டும் ஆலிசன் க்ராஸும் ‘ரெய்சிங் சாண்ட்’ எல்பியில் பாடியபோதுதான் பலர் கிளார்க்கின் பெயரையே தேடினார்கள்.

‘ரோட்மாஸ்டர்’ ஏன் நெதர்லாந்துப் பதிப்பாகவே கிடைக்கிறது?

1973இல் அது அங்கே மட்டுமே வெளியானது. 1970 முதல் 1972 வரை பதிவாகி அமெரிக்காவில் கிடப்பில் போடப்பட்ட பாட்டுகள் அதில் இருக்கின்றன. இரண்டு பாட்டுகளில் பேர்ட்ஸின் முதல் உறுப்பினர்கள் வாசித்திருக்கிறார்கள், ‘ஹியர் டுநைட்’ பாட்டில் ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் குழு. வெவ்வேறு அமர்வுகளிலிருந்து தொகுத்ததால் ஒலி அளவும் தன்மையும் பாட்டுக்குப் பாட்டு மாறும். அது உங்கள் கருவியின் கோளாறு இல்லை. ‘இன் அ மிஸ்டி மார்னிங்’ ஒன்றுக்காகவே வாங்கலாம். பின்னாளைய மறுபதிப்பே போதும்.

‘நோ அதர்’ பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

1973இல் பேர்ட்ஸின் மூலக் குழு மீண்டும் கூடி அசைலம் நிறுவனத்தில் ஒரு எல்பி செய்தது. அதில் கிளார்க்கின் பாட்டுகள் தனித்துத் தெரிந்தன. அதன் பலனாக அசைலத்தின் டேவிட் கெஃபன் அவரை ஒப்பந்தம் செய்தார். வடக்குக் கலிஃபோர்னியாவின் மெண்டசீனோ கடலோரத்தில் எழுதிய பாட்டுகளோடு கிளார்க் லாஸ் ஏஞ்சலஸின் வில்லேஜ் ரெக்கார்டர் ஸ்டூடியோவுக்கு வந்தார். தயாரித்தவர் தாமஸ் ஜெஃபர்சன் கே என்பவர். பேஸ் கிட்டாரில் லீலண்ட் ஸ்க்லார், டிரம்ஸில் ரஸ் கன்கல், கீபோர்டில் மைக்கேல் அட்லி, தாள வாத்தியத்தில் ஜோ லாலா, பின்னணிக் குரல்களில் க்ளாடியா லெனியர், வெனெட்டா ஃபீல்ட்ஸ், க்ளைடி கிங்.

1 லட்சம் டாலருக்கு மேல் செலவானது. கையில் வந்தது எட்டுப் பாட்டு. கெஃபனுக்கு அது பிடிக்கவில்லை, விளம்பரமும் பெரிதாக நடக்கவில்லை. 1974 செப்டம்பரில் வெளியான தட்டு அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 144ஆம் இடத்தோடு நின்றது. 1976க்குள் நிறுவனத்தின் பட்டியலிலிருந்தே போய்விட்டது.

தொலைந்துபோன தட்டு என்ற கதைக்காக இதை மதிக்க வேண்டியதில்லை. ‘சம் மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்’ எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். அந்த எட்டு நிமிடமும் பாட்டு அவசரப்படவே இல்லை. ‘சில்வர் ரேவன்’ பாட்டில் ஒரு சொல்லை இழுத்து அடுத்த தாளத்தில் போடும் விதத்தைக் கேளுங்கள். நாட்டுப்புறப் பாட்டுக்காரனின் மூச்சு, காஸ்பல் குரல்கள், மெல்ல உருளும் சோல் தாளம் மூன்றும் ஒன்றை ஒன்று விழுங்காமல் நிற்கின்றன. 1974இல் இந்தச் சேர்க்கை மிகையாகப் பட்டிருக்கலாம். இன்று கேட்கும்போது ஒரு ஒலியைக்கூட எடுத்துவிட மனம் வராது.

‘நோ அதர்’ மூலப் பதிப்பா, 2019 பதிப்பா?

மூலம்: அசைலம் 7இ-1016. 2019 நவம்பரில் 4ஏடி நிறுவனம் மூல டேப்புகளிலிருந்து ஆபி ரோடு ஸ்டூடியோவில் மறுமாஸ்டரிங் (தட்டாக அழுத்தும் முன் ஒலியை மீண்டும் செப்பனிடுவது) செய்து வெளியிட்டது. இந்த நிறுவனத்துக்கும் கிளார்க்குக்கும் பழைய உறவு உண்டு. 4ஏடியின் திஸ் மார்ட்டல் காயில் குழு 1986இல் ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் ஸ்ட்ரிங்ஸ்’ பாட்டையும், 1991இல் ‘வித் டுமாரோ’ பாட்டையும் பாடிப் பதிவு செய்தது.

நல்ல நிலையில் உள்ள மூலப் பதிப்பில் நடுப்பகுதி ஒலி சூடாக, குரல் சற்றுப் பின்தள்ளி இருக்கும். 2019 பதிப்பில் அடுக்குகள் பிரிந்து கேட்கும், பேஸ் தெளிவு. முதன்முறை வாங்குபவர் 2019 ஒற்றை எல்பியை எடுப்பதே சரி. மூலப் பதிப்பு பிறகு வரட்டும். வெளிவராத ஸ்டூடியோ பதிவுகள் அடங்கிய பெட்டிப் பதிப்பு, எட்டுப் பாட்டும் மனப்பாடமான பிறகே பொருள் தரும். அதற்கு முன் வாங்கினால் அலமாரியில்தான் இருக்கும்.

அட்டையின் முனை வெட்டப்பட்டிருக்கிறது. தட்டு போலியா?

இல்லை. விற்காத தட்டுகளை நிறுவனம் பட்டியலிலிருந்து நீக்கித் தள்ளுபடியில் கொடுக்கும்போது, யாரும் முழு விலைக்குத் திருப்பிவிடக் கூடாதென்று முனையை வெட்டுவார்கள், ஓட்டை போடுவார்கள், அல்லது ஓரத்தில் ரம்பத்தால் கீறுவார்கள். இதற்கு ‘கட்-அவுட்’ என்று பெயர். கிளார்க்கின் தட்டுகளில் இது சாதாரணம். உள்ளே தட்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஓட்டை மட்டும் லேபிள் பகுதியைத் துளைத்திருக்கிறதா என்று பாருங்கள். விலையும் குறைவு என்பதால், கேட்பதற்காக வாங்குபவருக்கு இது நல்ல வழி.

பக்கத்தின் கடைசிப் பாட்டில் குரல் கரகரக்கிறது. ஏன்?

இந்தப் பாடகரைப் பொறுத்தவரை இதுதான் தலையாய தொழில்நுட்பக் கேள்வி. காரணம் எளிது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில் சுழல்கிறது. ஆனால் வெளிவிளிம்பில் ஊசிக்குக் கீழே தடம் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, உள்வட்டத்தில் சுமார் 21 செ.மீ. மட்டுமே. அதே இசையைப் பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதியாக வேண்டும். ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் ஸ்ட்ரிங்ஸ்’ ஆறரை நிமிடம், அடர்த்தியான குரல் அடுக்குகள், அதுவும் மிக நெருக்கடியான அந்த இடத்தில். கருவியில் சிறு பிழை இருந்தாலும் முதலில் அங்கேதான் தெரியும்.

முதலில் தட்டா கருவியா என்று பிரியுங்கள். ஒரு புதுத் தட்டின் கடைசிப் பாட்டைப் போடுங்கள். அதிலும் கரகரத்தால் பிழை அமைப்பில். புதுத் தட்டு சுத்தமாக இருந்து, பழையதில் மட்டும் கரகரப்பு என்றால், முந்தைய உரிமையாளரின் தேய்ந்த ஊசி தடத்தைச் சிதைத்திருக்கிறது. அது எந்தச் சுத்தம் செய்தாலும் போகாது.

அமைப்பில் பிழை என்றால் இந்த வரிசையில் சரிபாருங்கள். ஊசியில் பந்தாகத் தூசி இருக்கிறதா பார்த்து, பின்னிருந்து முன்னாக மட்டும் துலக்குங்கள். பக்கவாட்டில் துலக்கினால் ஊசித்தண்டு வளையும். அடுத்து டோன்ஆர்மைச் (ஊசியைத் தாங்கும் கை) சமன் செய்யுங்கள்: ஆன்டி-ஸ்கேட்டைச் (அந்தக் கை உள்வட்டத்தை நோக்கி இழுபடுவதை ஈடுசெய்யும் திருகு) சுழியத்தில் வைத்து, எதிர்எடையைத் திருகி, டோன்ஆர்ம் காற்றில் கிடைமட்டமாக மிதக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஊசி அழுத்தத்தை டிஜிட்டல் தராசில் அளந்து வையுங்கள். ஆடியோ-டெக்னிகா விஎம்95 வகைக்கு 2.0 கிராம், ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். அழுத்தம் குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது பெரும் தவறு. குறைந்த அழுத்தத்தில் ஊசி தடத்தின் சுவரை விட்டுத் துள்ளி, திரும்ப மோதும். அதுதான் தடத்தைக் கிழிக்கும்.

அடுத்தது சீரமைப்பு, அதாவது கார்ட்ரிட்ஜை (ஊசி பொருந்தியிருக்கும் சிறு பெட்டி) சரியான கோணத்தில் பொருத்துவது. அதற்கான அளவுத்தாளில் இரண்டு புள்ளிகள் இருக்கும். பேர்வால்ட் முறையில் மையத்திலிருந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ. ஸ்டீவன்சன் முறையில் 60.3 மி.மீ., 117.4 மி.மீ. இரண்டு புள்ளியிலும் கார்ட்ரிட்ஜின் ஊசித்தண்டு தாளின் கோடுகளுக்கு இணையாக நிற்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் உடலைப் பார்த்துச் சரிசெய்யாதீர்கள், ஊசித்தண்டைப் பாருங்கள். ஸ்டீவன்சன் முறை உள்வட்டத்துக்குச் சாதகமானது, நடுவில் சற்றே விட்டுக்கொடுக்கும். பக்க இறுதியில் உச்சம் வைக்கும் கிளார்க்கின் தட்டுகளுக்கு அது பொருந்தும். கடைசியாக ஆன்டி-ஸ்கேட்டை ஊசி அழுத்தத்தின் எண்ணுக்கு வைத்துக் கேளுங்கள். வலது ஸ்பீக்கரில் மட்டும் ‘ஸ’ ஓசை சிதறினால் கொஞ்சம் கூட்டுங்கள், இடது ஸ்பீக்கரில் மட்டும் சிதறினால் குறையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மீதி இருந்தால், ஊசியின் வடிவம்தான். உருண்டை ஊசியோ சாதாரண எலிப்டிகலோ (நீள்வட்ட முனை) நெருங்கிய அலைகளுக்குள் முழுதும் இறங்காது. மைக்ரோலீனியர் ஊசி (மிக மெல்லிய விளிம்பாகச் செதுக்கிய முனை) இறங்கும். ஆடியோ-டெக்னிகா சொல்லும் ஆயுட்காலம் எலிப்டிகலுக்கு 300 மணி நேரம், மைக்ரோலீனியருக்கு 1,000 மணி நேரம். நாளுக்கு ஒரு எல்பி கேட்டால் எலிப்டிகல் ஊசியை ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டிலேயே மாற்ற வேண்டிவரும்.

இழுத்துப் பாடும் சுரம் அலைபாய்கிறது. அவர் குரலே அப்படியா?

இல்லை. 1.8 நொடிக்கு ஒருமுறை சுரம் ஏறி இறங்கினால் தட்டின் நடுத்துளை மையம் தப்பியிருக்கிறது (ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அதுவே). ஊசி ஓடும்போது டோன்ஆர்மின் தலை இடமும் வலமுமாக ஆடுவது கண்ணுக்கே தெரியும். புதிதாக வாங்கியதென்றால் மாற்றிக் கேளுங்கள். எல்லாத் தட்டிலும் அலைபாய்ந்தால் டர்ன்டேபிளைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கலாம். ‘ஒயிட் லைட்’ போன்ற மெதுவான தட்டில் இந்தக் குறை ஒளிய இடமே இல்லை.

ஒலி மெலிந்து, பேஸே இல்லாமல் வருகிறது.

ஃபோனோ பிரீஆம்ப் இல்லாமல் நேரே இணைத்திருப்பீர்கள். தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்தும் ட்ரெபிளைக் கூட்டியும் பதிக்கிறார்கள். 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் குறைவு, 20 கிலோஹெர்ட்ஸில் அதே அளவு கூடுதல். பிரீஆம்ப் அதைத் திருப்பிப் போடும். மாறாக, ஒலி பொங்கி உடைந்து வந்தால் டர்ன்டேபிளிலும் ஆம்ப்ளிஃபயரிலும் என இரண்டு பிரீஆம்ப் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிறது. ஒன்றை அணையுங்கள்.

பழைய தட்டை எப்படிச் சுத்தம் செய்வது?

800 மி.லி. காய்ச்சி வடித்த நீர், 200 மி.லி. 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால், நிறமும் மணமும் சேர்க்காத ஈரமூட்டும் திரவம் நான்கைந்து சொட்டு. குழாய் நீர் வேண்டாம், உப்பு தடத்திலேயே காய்ந்து புதுச் சொடக்குகளைக் கொடுக்கும். அடுப்பு, மெழுகுவத்தி பக்கத்தில் இருக்கக் கூடாது.

முதலில் கார்பன் ஃபைபர் பிரஷ்ஷால் உலர் தூசியை எடுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் தூசி சேறாகி உள்ளே இறங்கும். லேபிளில் நீர் படாமல் மூடி, கலவையைத் தடத்தில் பரப்பி, மெல்லிய பிரஷ்ஷால் தடம் ஓடும் திசையில் இரு புறமும் சில சுற்று ஓட்டுங்கள். ஒரு நிமிடம் ஊறவிட்டு, வெறும் காய்ச்சி வடித்த நீரால் இருமுறை அலசுங்கள். அலசாமல் விட்டால் கரைந்த அழுக்கு அங்கேயே படிந்து, அடுத்த முறை ஊசியில் பசையாக ஒட்டும். பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, செங்குத்தாக நிறுத்தி உலரவிடுங்கள். இந்தக் கலவை வினைலுக்கு மட்டும். பழைய 78 சுற்று ஷெல்லாக் தட்டை ஆல்கஹால் கரைத்துவிடும்.

சுத்தம் செய்த தட்டைப் பழைய காகித உறைக்குள் திரும்பப் போட வேண்டாம். பாலிஎத்திலீன் உள்ளுறை வாங்குங்கள். பிவிசி உறை காலப்போக்கில் வினைலில் பனிபோல் படலம் ஏற்றும்.

பயன்படுத்திய தட்டை வாங்கும்போது தரக்குறியீட்டை எவ்வளவு நம்பலாம்?

‘நியர் மின்ட்’ என்றால் கிட்டத்தட்டப் புதிது. ‘வெரி குட் ப்ளஸ்’ கேட்க நல்லது. ‘வெரி குட்’ என்பதற்குள்ளேயே தொடர் இரைச்சல் வந்துவிடும். ‘குட்’ என்பது பெயரில் மட்டுமே. பெரும்பாலான விற்பனையாளர்கள் கண்ணால் பார்த்தே குறிக்கிறார்கள், போட்டுக் கேட்பதில்லை. ஆகவே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டு பக்கத்தின் கடைசிப் பாட்டையும் கேட்டீர்களா? பதில் தெளிவாக வந்தால் மற்றதெல்லாம் தானாகத் தெரியும்.

இசையின் அடர்த்தியைப் பொறுத்தும் முடிவெடுக்கலாம். ‘நோ அதர்’ வெரி குட் ப்ளஸ்ஸில் தாங்கும். ‘ஒயிட் லைட்’ தட்டும் முதல் டில்லார்ட் அண்ட் கிளார்க் தட்டும் நியர் மின்ட்டுக்குக் கீழே வேண்டாம். 180 கிராம் என்ற எடைக்குத் தனி மதிப்புக் கொடுக்காதீர்கள். ஒலியைத் தீர்மானிப்பது மாஸ்டரிங்கும் அழுத்திய விதமும்தான்.

1974க்குப் பிந்தையவை?

‘டூ சைட்ஸ் டு எவ்ரி ஸ்டோரி’, 1977, ஆர்எஸ்ஓ நிறுவனம். இதற்கும் தாமஸ் ஜெஃபர்சன் கேதான் தயாரிப்பாளர். ‘சைலன்ட் க்ரூசேட்’ பாட்டுக்காக வாங்குங்கள். ஹை மூன் ரெக்கார்ட்ஸின் மறுபதிப்பு உண்டு. 1984இன் ‘ஃபயர்பேர்ட்’ கடைசியாக வாங்க வேண்டியது. 1987இல் கார்லா ஓல்சனோடு பாடிய ‘சோ ரிபெலியஸ் அ லவர்’ எளிய, நேர்மையான தட்டு. குரலில் தேய்மானம் கேட்கும், ‘ஜிப்சி ரைடர்’ பாட்டுக்கு அந்தத் தேய்மானம் வேண்டும்.

45 சுற்றுத் தட்டுகளில் தேட வேண்டியது ஏதாவது?

ஒன்று. 1965இன் ‘டர்ன்! டர்ன்! டர்ன்!’ ஒற்றைத் தட்டைத் திருப்பிப் போடுங்கள். மறுபக்கத்தில் கிளார்க்கின் ‘ஷி டோன்ட் கேர் அபௌட் டைம்’ இருக்கிறது. அதே பெயரில் வந்த எல்பியில் அந்தப் பாட்டு இல்லை. நடுவில் மெகுவின் பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் பாஹின் மெட்டு ஒன்றை வாசிக்கிறார். முதல் பக்கம் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனதால் இது மலிவாகவே கிடைக்கும். ஆனால் எல்லோரும் முதல் பக்கத்தையே தேய்த்திருப்பார்கள், மறுபக்கம் பெரும்பாலும் பளபளவென்றிருக்கும். நடுத்துளை 38 மி.மீ. அகலம், அதற்கு அடாப்டர் வேண்டும். வேகத்தை 45க்கு மாற்றுங்கள்.